மதுரைப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு: பட்டாவிலிருந்து பால் காய்ச்சுவது வரை

மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் என்று எந்தச் சாலையில் போனாலும் லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் போடும் கான்கிரீட்) மட்டத்தோடு நின்றுபோன தோட்டத்து வீடு ஒன்றாவது கண்ணில் படும். கம்பி துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும், உள்ளே கருவேலம் முளைத்திருக்கும். சதுர அடிக் கணக்கு தப்பியதால் அப்படி நிற்பவை குறைவு என்பது என் எண்ணம். பாதை, போர்வெல், கரண்ட், வேலி என்று சுவருக்கு வெளியே போகிற பணத்தை யாரும் முதலில் எழுதுவதில்லை, அதுதான் பாதி வேலையில் கையைக் கட்டிப் போடுகிறது. அதனால் இங்கே வெளிச்செலவு முதலில் வரும், வீடு அப்புறம் வரும். சனி ஞாயிறும், பொங்கல், சித்திரைத் திருவிழா லீவும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தங்குகிற சின்ன வீட்டை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். அங்கேயே குடியேறப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு.

காகிதம் சுத்தமா?

பூர்வீக நிலம் என்றால் பலருக்கும் ஒரு தெம்பு, நம்ம இடம்தானே என்று. ஆனால் பட்டா இன்னும் தாத்தா பேரில் இருக்கும், அல்லது பெரியப்பா, சித்தப்பா எல்லார் பேரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருக்கும். "நீ வடக்குப் பக்கமா கட்டிக்கப்பா" என்று பெரியப்பா வாயால் சொன்னது அவர் இருக்கிற வரைக்கும்தான் செல்லும். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, சர்வேயர் வந்து அளந்து, உட்பிரிவு செய்து, உங்கள் பேரில் தனிப்பட்டா வந்த பிறகு செங்கல் இறக்குங்கள். உறவு கெடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். வீடு எழும்பிய பிறகு அளந்தால் ஒரு முழம் கூடினாலும் குறைந்தாலும் மனக்கசப்புதான்.

புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் மூலப்பத்திரம், குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அ-பதிவேடு (கிராமத்து நிலப் பதிவேடு), புலப்படம் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) இவ்வளவும் கையில் வர வேண்டும். பட்டா, புலப்படம் எல்லாம் தமிழ்நாடு அரசின் இ-சேவை இணையதளத்திலும், வில்லங்கம் பதிவுத்துறை இணையதளத்திலும் எடுத்துவிடலாம். எடுத்தால் போதாது, அதை ஒரு வக்கீலிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். அந்தச் செலவில் மட்டும் சிக்கனம் வேண்டாம். கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள். 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும், 2025 ஏப்ரலிலிருந்து இந்தச் சலுகை இருக்கிறது. அம்மா பேரிலோ மனைவி பேரிலோ வாங்க இது ஒரு நல்ல சாக்கு.

எதைத் தொடவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புறம்போக்கு, கோயில் நிலம், பூதான நிலம் (நிலமற்றவர்களுக்கென்று தானமாக வந்தது), பஞ்சமி நிலம் (பட்டியல் சாதியினருக்கென்று அரசு ஒதுக்கியது). விலை மலிவாகத் தெரிவதே இவற்றின் முதல் அடையாளம். பட்டாவில் நன்செய் என்றிருந்தால் வீடு கட்டும் எண்ணத்தோடு அதை வாங்காதீர்கள், விளைகிற வயலை வீடாக்க அனுமதி கேட்டு அலைவது ஒரு தனி வேலை, மனசுக்கும் அது நல்லதில்லை. புன்செய் பாருங்கள், அல்லது ஊரோடு ஒட்டிய நத்தம், அதாவது குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலம் பாருங்கள். புன்செய்யிலும் நிலப் பயன்பாட்டு மாற்றம், கட்டட அனுமதி என்ன தேவை என்று ஊராட்சி அலுவலகத்திலும் நகர் ஊரமைப்பு அலுவலகத்திலும் சர்வே எண்ணைக் கொடுத்துக் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். அங்கீகாரம் பெற்ற மனை என்றால் வேலை சுலபம்: 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு, சுயசான்று கொடுத்து ஆன்லைனிலேயே உடனடி அனுமதி வாங்கும் முறை 2024 ஜூலையில் வந்துவிட்டது. வங்கிக் கடன் நினைப்பு இருந்தாலும் இந்த அனுமதிதான் முதல் கேள்வி. விவசாய நிலத்தில் அனுமதியில்லாமல் கட்டும் வீட்டுக்கு வீட்டுக்கடன் கிடைக்காது.

மதுரைக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. நம்மைச் சுற்றி சமணர் படுகைகளும் குடைவரைகளும் உள்ள மலைகள் நிறைய. கீழக்குயில்குடி சமணர் மலை போல மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னம் என்றால் அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்ட முடியாது, அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டருக்குள் கட்ட தனி அனுமதி வேண்டும். மலையடிவாரக் கிராமம் சிலவற்றில் மலையிடப் பாதுகாப்பு விதிகளும் சேர்ந்துகொள்ளும். மலை தெரிகிற மாதிரி வீடு வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இதை முதலிலேயே விசாரியுங்கள்.

மழை நாளில் நிலத்தைப் பாருங்கள்

புரோக்கர் சித்திரையில் காட்டுவார். நீங்கள் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். கண்மாய் நிறைந்தால் மறுகால் எந்த வழியாகப் பாயும், பக்கத்து ஓடை எவ்வளவு அகலம் எடுக்கும் என்பது பத்திரத்தில் இருக்காது. பத்து வருடம் மழையில்லாமல் காய்ந்து கிடந்த ஓடை சமதரையாகத் தெரியும், உழவு கூட ஓட்டியிருப்பார்கள், ஒரே ஒரு நல்ல மழை வருடத்தில் தண்ணீர் தன் பழைய வழியைக் கேட்டு வந்துவிடும். புலப்படத்தில் ஓடைக் கோடு இருக்கிறதா பாருங்கள், அப்புறம் அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவர்களிடம் கேளுங்கள். எந்த இன்ஜினியரை விடவும் அவர்களுக்குத் தண்ணீர் போகிற வழி தெரியும்.

அப்படியே பாதையையும் பார்த்துவிடுங்கள். "எல்லாரும் இப்படித்தான் போறோம்" என்கிற வண்டிப்பாதை பக்கத்துக்காரர் பட்டாவில் இருந்தால், அவர் மனம் மாறுகிற அன்றைக்கு உங்கள் வீட்டுக்கு வழியில்லை. பாதை உரிமை பத்திரத்தில் அளவோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். லாரி உள்ளே வருமா என்பது இன்னொரு கேள்வி. வராது என்றால் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), ஜல்லி, செங்கல் எல்லாவற்றையும் ரோட்டில் இறக்கி டிராக்டரில் அடிக்க வேண்டும். ஒவ்வொரு லோடுக்கும் இரண்டு முறை கூலி, போதாதற்கு ரோட்டில் சிந்துகிற சேதாரம்.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரே பிளானுக்கு அழகர்கோவில் பக்கமும் கள்ளிக்குடி பக்கமும் ஒரே செலவு ஆகாது. மேலூர், நத்தம் ரோடு, அழகர்கோவில் பக்கம் பெரும்பாலும் செம்மண்ணும் அதற்குக் கீழே சரளையும் பாறையும். மூன்று நாலு அடி வானம் (கடைக்காலுக்கான பள்ளம்) தோண்டினாலே கெட்டித் தரை கிடைத்துவிடும், கருங்கல் கடைக்கால் போட்டு மேலே ஒரு பெல்ட் கான்கிரீட் கொடுத்தால் சின்ன வீட்டுக்குப் போதும். திருமங்கலம், கள்ளிக்குடி, டி.கல்லுப்பட்டி, பேரையூர் பக்கம் கரிசல். கரிசல் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும், அதோடு சேர்ந்து சுவரும் வெடிக்கும். கரிசல் எத்தனை அடி ஆழம் என்று முதலில் ஒரு குழி தோண்டிப் பாருங்கள். நாலைந்து அடியில் சுக்கான் கல்லோ சரளையோ வந்துவிட்டால் அதுவரை தோண்டி எடுத்துவிட்டுக் கடைக்காலை அதன் மேல் உட்கார வைக்கலாம். அதற்கும் கீழே கரிசல் போனால், அடியில் குமிழ் விட்ட பைல் போட்டு அதன் மேல் பீம் ஓட்டுவதுதான் வழி. அதற்கு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும், மேஸ்திரியின் கைக்கணக்கு அங்கே உதவாது. தோண்டிய கரிசலையே பேஸ்மட்டத்துக்குள் தள்ளி நிரப்ப விடாதீர்கள். தரை டைல்ஸ் தூக்கிக்கொண்டு நிற்பது பெரும்பாலும் அதனால்தான்.

தண்ணீரும் கரண்டும்

மதுரை மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப்பாறை. தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் இருக்கும். ஆழம் போனால் கட்டாயம் கிடைக்கும் என்று கிடையாது, பக்கத்துத் தோட்டத்தில் 300 அடியில் இருந்தது உங்களுக்கு 600 அடியிலும் இல்லாமல் போகலாம். அடி ஏற ஏற அடிக்கு ரேட்டும் ஏறும். எத்தனை அடியோடு நிறுத்துவது என்பதைப் போர் வண்டி வருவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது "இன்னும் ஒரு அம்பது அடி பாப்போம் அண்ணே" என்ற பேச்சுக்கு மறுப்புச் சொல்ல யாராலும் முடியாது. போர் போட ஊராட்சியின் அனுமதி வேண்டும். தண்ணீர் வராத குழியை அன்றைக்கே மூடுங்கள். 2019-ல் மணப்பாறை அருகே மூடாத ஆழ்துளைக் குழியில் விழுந்து குழந்தை சுஜித் இறந்ததைப் பார்த்த யாருக்கும் இதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை.

போர் சரியாக வரவில்லை என்றாலும் திட்டத்தைக் கைவிட வேண்டாம். வாரக் கடைசியில் மட்டும் தங்குகிற வீட்டுக்கு மழைநீர் பெரிய துணை. 640 சதுர அடிக் கூரையில் வருடத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டாலே 47,000 லிட்டர் விழுகிறது. அதில் பாதியைச் சேர்த்தாலும் கை கால் கழுவ, பாத்ரூமுக்கு, நாலு செடிக்குக் காணும். கடைக்கால் தோண்டும்போதே நிலத்தொட்டிக்கும் சேர்த்துத் தோண்டிவிட்டால் செலவு குறையும்.

கரண்டுக்கு, கடைசிக் கம்பத்திலிருந்து உங்கள் வீட்டு மூலை வரை தூரத்தை அளந்துகொண்டு இபி அலுவலகத்தில் மதிப்பீடு கேளுங்கள். எத்தனை கம்பம் நட வேண்டும் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். கட்டும் காலத்துக்குத் தற்காலிக இணைப்பு வேண்டும், அதன் கட்டணம் வீட்டுக் கட்டணத்தை விடக் கூடுதல். தோட்டத்தில் விவசாயத்துக்கான இலவச இணைப்பு இருந்தால் அதிலிருந்து வீட்டுக்கு ஒரு வயர் இழுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள், அது விதிமீறல், பிடித்தால் அபராதம், மோட்டார் இணைப்புக்கே ஆபத்து. கூரையில் சோலார் வைக்க மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு, ஆனால் லைட்டும் ஃபேனும் மட்டும் ஓடுகிற வீட்டுக்கு அது இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சின்னதாகக் கட்டுங்கள், தாழ்வாரத்தைப் பெரிதாக விடுங்கள்

தோட்டத்துக்குப் போனால் யாரும் ரூமுக்குள் உட்காருவதில்லை. சாப்பாடு, சீட்டு, மதியத் தூக்கம், அத்தை மாமா பேச்சு எல்லாம் வெளியில்தான். அதனால் பணத்தை மூன்று பெட்ரூமில் போடாமல் ஒரு ஹால், ஒரு ரூம், சின்ன அடுப்படி, ஒரு பாத்ரூம், அதன் முன்னால் எட்டடி அகலத்துக்கு நீளமான தாழ்வாரம் என்று போடுங்கள். பத்துப் பேர் வந்தாலும் பாய் விரித்துப் படுக்கலாம். தாழ்வாரத்தைக் கிழக்கே வையுங்கள். நாலு மணிக்கு வெயில் வீட்டுக்குப் பின்னால் போய்விடும், மாலை முழுக்க நிழலில் உட்காரலாம். பாத்ரூம், சாமான் அறை, மாடிப்படி இவற்றை மேற்கே தள்ளினால் மேற்கு வெயிலை அவை வாங்கிக்கொள்ளும். ஜன்னல் தெற்கும் வடக்கும் எதிரெதிரே இருக்கட்டும்.

கூரைக்கு மங்களூர் ஓடு அழகு, வெயிலுக்கும் இதம். ஆனால் அழகர்மலை அடிவாரத்தில் குரங்குகள் ஓட்டைப் பிரித்து விளையாடும். அங்கே கான்கிரீட் போட்டு மேலே வெள்ளை அடித்துவிடுவது நிம்மதி. தாழ்வாரத்துக்கு மட்டும் ஓடு போடலாம். தகரம் வேண்டவே வேண்டாம், சித்திரை வெயில் 40 டிகிரிக்கு வரும்போது உள்ளே ஒரு நிமிஷம் நிற்க முடியாது. செங்கலை நட்டமாக வைத்து நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு, லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பியது, கால்வாசி செங்கலை மிச்சப்படுத்தும், சூட்டையும் தடுக்கும். அதை முன்பே கட்டிப் பழகிய கொத்தனார் கிடைத்தால் செய்யுங்கள். பழகாதவரை வைத்துச் செய்தால் மிச்சம் பிடித்தது கூலியில் போய்விடும்.

பேஸ்மட்டம் மூன்றடியாவது உயரட்டும், மழைத் தண்ணீருக்கும் பாம்புக்கும் சேர்த்துத்தான். தரை போடும் முன் கரையான் மருந்து அடித்தாக வேண்டும், தோட்டத்து மண்ணில் அதை விட்டால் நிலைக்கதவு நாலு வருடம் தாங்காது. கழிவறைக் குழி கிணறு, போரிலிருந்து ஐம்பதடியாவது தள்ளி இருக்கட்டும்.

இப்போது கணக்கு

சொந்தப் புன்செய் 20 செண்ட், செம்மண், அனுமதி வாங்கிக் கட்டும் 450 சதுர அடி வீடு, 190 சதுர அடித் தாழ்வாரம் என்று வைத்துக்கொள்வோம். தொகைகள் நான் திட்டமிடுவதற்காக எடுத்துக்கொண்டவை, உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

சர்வே, அனுமதி, பிளான் எல்லாம் சேர்த்து 50,000. பாதைக்குச் சரளை அடித்து, வாய்க்காலைத் தாண்ட குழாய் பதிக்க 90,000. போர், கேசிங், மோட்டார், பைப், கேபிள் 1,50,000. கரண்ட் 50,000. கல்தூண் ஊன்றிக் கம்பி வேலி, கேட் 70,000. கழிவறைக் குழி 50,000, மேல்தொட்டி 15,000. இதுவரை 4,75,000 ஆகிவிட்டது, இன்னும் ஒரு செங்கல் வைக்கவில்லை. வீட்டுக்குச் சதுர அடி 2,300 என்று போட்டால் 10,35,000. தாழ்வாரம் ஏறத்தாழ பாதி ரேட்டில், 1,100 என்று போட்டால் 2,09,000. கூட்டினால் 17,19,000. இதில் நாலில் ஒரு பங்குக்கு மேல் சுவருக்கு வெளியே போகிறது, அதுதான் நான் சொல்ல வந்தது. இதன் மேல் 13, 14 சதவீதம் எதிர்பாராத செலவுக்குக் கைக்காவலாக வைத்தால் மொத்தம் 19,50,000.

கையில் 14 லட்சம்தான் இருக்கிறது என்றால் எல்லாவற்றையும் மட்டமாகச் செய்யாதீர்கள். வெளிச்செலவில் கை வைக்காமல், வீட்டை ஒரு ஹால், அடுப்படி, பாத்ரூம், தாழ்வாரம் என்று சுருக்கி முழுசாக முடியுங்கள். ரூமைப் பின்னால் சேர்க்க வசதியாக அந்தப் பக்கச் சுவரில் ஒரு நிலையின் அளவுக்கு லிண்டல் கொடுத்து, இப்போதைக்குச் செங்கலால் அடைத்து வையுங்கள்.

சாமான் எவ்வளவு வரும் என்று தோராயமாகத் தெரிந்தால் யாரும் ஏமாற்ற முடியாது. சதுர அடிக்கு சிமெண்ட் 0.4 மூட்டை, கம்பி மூன்றரை முதல் நாலு கிலோ என்பது பொதுவான கணக்கு. 450 சதுர அடிக்கு 180 மூட்டை, கம்பி ஏறத்தாழ 1.6 டன்னிலிருந்து 1.8 டன். எம்-சாண்டும் ஜல்லியும் யூனிட் கணக்கில் வரும், ஒரு யூனிட் 100 கன அடி. லாரி வந்ததும் டேப் பிடித்து நீளம், அகலம், உயரம் அளந்து பெருக்கிப் பாருங்கள், அதற்கு யாரிடமும் கூச்சப்பட வேண்டாம். சிமெண்டை மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள், தோட்டத்து ஈரத்தில் கட்டிதட்டிவிடும்.

ஆளும் பணமும்

நீங்கள் ஊரில் இருக்கப் போவதில்லை, வாரம் ஒரு முறைதான் வரப் போகிறீர்கள். அப்படியிருக்க, சாமானை நீங்கள் வாங்கிக் கொடுத்துக் கூலியை மட்டும் பேசுகிற லேபர் கான்ட்ராக்ட் மலிவாகத் தெரிந்தாலும், சாமானைக் காக்க அங்கே நம் ஆள் ஒருவர் இருந்தால்தான் அது கட்டுப்படியாகும். இல்லையென்றால் சாமானோடு சேர்த்துப் பேசுங்கள், என்ன சிமெண்ட், என்ன கம்பி, என்ன வயர், எத்தனை கோட் பெயின்ட் என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பணத்தை வேலைக்குப் பின்னால் கொடுங்கள், முன்னால் வேண்டாம்: அட்வான்ஸ் 10 சதவீதம், பேஸ்மட்டம் முடிந்ததும் 20, லிண்டலில் 20, கான்கிரீட் போட்டதும் 20, பூச்சு முடிந்ததும் 15, சாவி வாங்கும்போது 10. மீதி 5 சதவீதம் ஒரு மழை பார்த்த பிறகு. ஒழுகுகிறதா இல்லையா என்று மழைதான் சொல்லும், இதை முதல் நாளே பேசிக்கொண்டால் நல்ல மேஸ்திரி யாரும் முகம் சுளிக்க மாட்டார்.

உள்ளூர்க்காரர் ஒருவராவது வேலையில் இருக்கட்டும். சித்தாளாகவோ தண்ணீர் ஊற்றும் ஆளாகவோ. மேல்தளத்தில் பாத்தி கட்டி 14 நாள் தண்ணீர் நிற்க வேண்டும், சென்ட்ரிங்கையும் அதுவரை பிரிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையும் வந்து தண்ணீர் விடுகிறவர் பக்கத்து ஊர்க்காரராகத்தான் இருப்பார். அவருக்குத் தனியாக ஒரு தொகை கொடுத்துவிடுங்கள், இந்த முழுக் கணக்கிலும் அதைவிடப் பயனுள்ள செலவு எனக்குத் தெரியாது.

எந்த மாதம்

தையில் வானம் தோண்டுவது நல்லது. அப்போதுதான் மழை ஓய்ந்திருக்கும், கிணற்றிலும் கண்மாயிலும் தண்ணீர் இருக்கும், அறுப்பு முடிந்து ஆளும் கிடைக்கும். பங்குனிக்குள் கான்கிரீட் போட்டுவிட்டால் கடும் வெயிலுக்கு முன் தளம் இறுகிவிடும். சித்திரை, வைகாசியில் போர்த் தண்ணீர் இறங்கும், கல்யாண சீசனில் ஆளும் குறையும், அதனால் அந்த இரண்டு மாதத்துக்குப் பூச்சு வேலையை மெதுவாகத் திட்டமிடுங்கள். ஆடியில் கரண்ட், குழாய், கதவு முடித்து ஆவணியில் பால் காய்ச்சலாம். ஐப்பசி மழைக்கு முன் வீட்டைச் சுற்றித் தண்ணீர் வெளியேற வழி வெட்டியிருக்க வேண்டும். அனுமதி வாங்கும் வேலையை அதற்கு முந்தைய ஆடி, ஆவணியிலேயே ஆரம்பித்தால்தான் தையில் கைவைக்க முடியும்.

பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு

கட்டி முடித்ததும் செலவு முடியாது. ஆள் இல்லாத தோட்டத்தில் மோட்டார் கேபிள்தான் முதலில் காணாமல் போகும், அதைப் பூமிக்குள் பதித்து, ஸ்டார்ட்டரைப் பூட்டுள்ள பெட்டிக்குள் வையுங்கள். அடுப்படியில் சிலிண்டர், மிக்சி எதையும் விட்டுவராதீர்கள், பாயும் தலையணையும் இரும்புப் பீரோவில் இருக்கட்டும், எலியும் கரையானும் அதற்குத்தான் காத்திருக்கும். விறகை வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்கினால் பாம்பு அடையும். பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு மாதச் சம்பளம், கரண்ட், வீட்டு வரி, வருடத்துக்கு ஒரு முறை வெள்ளை, ஓடு மாற்றுவது இதற்கெல்லாம் வருடத்துக்கு 40,000 முதல் 50,000 வரை ஒதுக்கி, அண்ணன் தம்பி, அக்கா தங்கை யார் யார் எவ்வளவு போடுவது என்று பால் காய்ச்சுகிற அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்தப் பீரோவிலேயே வைத்துவிடுங்கள்.